அழகுக்கு மூக்கை அறுக்கலாமா?

"அழகுக்கு மூக்கை அறுப்பார் உண்டா?" என்பது நம் பழமொழி. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது இதை மனனம் செய்து ஆசிரியரிடம் ஒப்புவித்திருக்கிறேன். பொருள் விளங்கியதா என்றால் இல்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, ஈப்போவில் என் தாய்மாமாவின் கார் பட்டறையில்தான் அது விளங்கியது. அங்கே மூக்கு அறுபடவிருந்தது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு.

அது 1976-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. இலண்டனில் சட்டம் படித்த ஒருவர் நாடு திரும்பும்போது கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தது. அவர் காலமான பிறகு, கடந்த ஆண்டு அவருடைய மகன் அதை மாமாவிடம் கொண்டு வந்தார். துருவை நீக்க வேண்டும். முகப்பு விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்ற வேண்டும். முக்கியமாக, முன்னும் பின்னும் உள்ள கறுப்பு பம்பர்களை எடுத்துவிட்டுப் பளபளக்கும் குரோம் பம்பர் பொருத்த வேண்டும். "அதுதான் சார் ஒரிஜினல் அழகு" என்றார். விடுமுறையில் பட்டறைக்குப் போயிருந்த நானும் தலையாட்டினேன். உண்மையில் அந்தக் கறுப்பு மூக்கு எனக்கும் பிடிக்கவில்லை.

மாமா மட்டும், "துரு வேலையும் விளக்கு வேலையும் செய்றேன். பம்பர் வேலை என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார். அந்த வேலைக்குக் கிடைத்திருக்கும் கூலி பட்டறையின் பல மாத வாடகைக்குச் சமம். எனக்குக் கோபம்தான் வந்தது. காரணத்தைத் தேடிப் படித்த பிறகே அவர் பக்கம் சாய்ந்தேன்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரானது. ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. தொடக்கத்தில் குரோம் பம்பர்தான். அமெரிக்காவில் மோதல் பாதுகாப்பு விதிகள் கடுமையானதால், 1974-இன் பிற்பகுதியிலிருந்து கறுப்பு பம்பர் வந்தது. மக்கள் அதை ரப்பர் என்றாலும், அது உள்ளே இரும்பு வைத்த பாலியுரித்தேன். முகப்பு விளக்கு இருக்க வேண்டிய உயரத்திற்கும் அமெரிக்காவில் விதி இருந்தது. அதற்காக முன்பக்கத்தை மாற்றி வடிவமைக்காமல் காரையே சுமார் ஓர் அங்குலம் உயர்த்தினார்கள். இலண்டனில் ஓடிய காருக்கும் இதே கோலம்தான்.

ஆகவே, 1976-ஆம் ஆண்டு காருக்குக் குரோம் பம்பர் 'ஒரிஜினல்' அன்று. கறுப்பு மூக்குதான் அது பிறந்த முகம். சிறந்த ஆண்டின் தோற்றத்தை எல்லாக் கார்களுக்கும் மாட்டிவிடுவதைச் சீரமைப்பு என்று சொல்லலாமா? அது வேடம் போடுவதாகும். பம்பரைக் கழற்றி மாட்டுவதோடு வேலை முடிவதும் இல்லை. பழைய பம்பரைத் தாங்கும் இரும்பை அறுத்தெடுக்க வேண்டும். சிக்னல் விளக்குகள் அந்தக் கறுப்பு பம்பருக்குள்ளேயே இருப்பதால், அவற்றுக்கு வேறு இடம் அமைத்து முன் தகடுகளை வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டிய இரும்பு திரும்பி வராது.

விளக்கில் மாமா காட்டிய வழி வேறு. ஏழு அங்குல வட்ட விளக்கின் பின்னால் உள்ள கிண்ணத்தில், முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு தங்கித் துருப்பிடித்திருந்தது. துருப்பிடித்த இடத்தில் 'எர்த்' சரியாகக் கிடைக்காததால் வெளிச்சம் மங்கல். போதாதற்கு, விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பழைய சுவிட்ச் வழியாகவே ஓடியது. கிண்ணத்தை மாற்றி, எர்த் கம்பியைச் சுத்தம் செய்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ரிலே வைத்து, அதே வட்ட வடிவில் ஹாலோஜன் விளக்கைப் பொருத்தினார். இரவில் ஓட்டிப் பார்த்தோம். சாலை தெளிவாகத் தெரிந்தது. "இத நாளைக்கே கழட்டி பழசப் போடலாம், தம்பி. பம்பர அப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

என் கருத்தின் சாரமும் இந்தக் கேள்விதான். மீட்க முடிந்த மாற்றம் வேறு. மீட்க முடியாத மாற்றம் வேறு. பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனமும், உள்ளதைக் காப்பதையே முதலில் வைக்கிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மாமா அந்தச் சாசனத்தைப் படித்ததில்லை.

"அவர் கார், அவர் பணம், உங்களுக்கென்ன?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சட்டப்படி அவருக்கு உரிமை உண்டு. சந்தையிலும் குரோம் பம்பர் கார்களுக்கே மதிப்பு அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிப்பு குரோமோடு பிறந்த காருக்கு உரியது. பழைய பாகம் கிடைக்காது என்ற சாக்கும் செல்லாது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988-இல் பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி.யின் முழு உடலையும் மீண்டும் செய்யத் தொடங்கியது.

இன்னொன்றும் உண்டு. அழகுக்குச் செலவிடும் நாம் உயிருக்குச் செலவிடத் தயங்குகிறோம். இந்தக் காருக்கு அடியில் தனிச் சட்டகம் கிடையாது, உடலே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்னும் பகுதிதான் பாரத்தைத் தாங்குகிறது. அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே சாயம் பளபளக்கும். மாமா கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒட்டி, உடல் வளையாமல் பிடித்துக்கொண்ட பிறகே பழைய சில்லை அறுத்தார். மூன்று வாரம் அந்த வேலைக்கே போனது. வேலை முடிந்த பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது.

துரு வேலைக்கும் விளக்கு வேலைக்கும் பணம் கொடுத்துவிட்டு, பம்பர் மாற்ற உரிமையாளர் காரை வேறு பட்டறைக்குக் கொண்டு போனார். மாமா வருத்தத்தைக் காட்டவில்லை. "கறுப்பு பம்பரத் தூக்கிப் போட்றாதீங்க சார், வீட்டுல ஓரமா வைங்க. ஒங்க அப்பா ஓட்டுனது அந்த மொகத்தோடதான்" என்று மட்டும் சொன்னார். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் காரில் ஏறுவதற்கு முன் ஒருமுறை அந்தக் கறுப்பு மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் வேலைக்குப் போன பிறகு அப்பாவின் பழைய மோட்டார்சைக்கிளையோ தாத்தாவின் காரையோ புதுப்பிப்போம். நல்ல செயல்தான். ஆனால் அறுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்போம். இது இந்த வண்டி பிறந்த முகமா? நாளை மனம் மாறினால் இதைத் திரும்பப் பெற முடியுமா? இரண்டிற்கும் பதில் தெரியும்வரை அறுக்கும் இயந்திரம் கீழேயே இருக்கட்டும்.