நெய்வேலி செல்ஃபியை டிஸ்கில் சாயம் போட்டு விற்கலாமா? காப்பிரைட் சட்டம் சொல்வது என்ன?

2020 பிப்ரவரி. 'மாஸ்டர்' படப்பிடிப்புக்காக நெய்வேலி என்எல்சி சுரங்கத்துக்கு வந்திருந்த நடிகர் விஜய், வெளியே திரண்டிருந்த ரசிகர்களைப் பார்க்க வேன் மீது ஏறினார். கூட்டம் மொத்தமும் பின்னால் தெரிய, போனை உயர்த்தி ஒரு செல்ஃபி. அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் ரீட்வீட் ஆன பதிவு அதுதான் என ட்விட்டரே அறிவித்தது.

டவுன்ஷிப் இளைஞர் ஒருவர் அந்தப் படத்தைத் தனது டிஸ்கில் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கரில் உருவத்தை வெட்டி, வெள்ளை டிஸ்க் மேல் ஒட்டி, சாயத்தில் ஊற வைத்தால் படம் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும். பார்த்தவர்கள் 'எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடு, காசு தர்றேன்' என்பார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

படம் யாருக்குச் சொந்தம்?

'நெட்ல கிடைக்குது, பொதுதானே' என்பது தவறு. 1957ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டப்படி, பொதுவாக போட்டோவின் உரிமை எடுத்தவருக்கே. அதில் இருப்பவருக்கு அல்ல. கல்யாண ஆல்பம் போல காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், சொன்னவருக்கு உரிமை.

நெய்வேலி செல்ஃபியில் எடுத்தவரும் விஜய், இருப்பவரும் விஜய். பின்னால் கையசைக்கும் நெய்வேலிக்காரர்களுக்கு அந்தப் படத்தில் காப்பிரைட் கிடையாது! எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரையும் உரிமை நீடிக்கும்.

எனக்கு மட்டும் என்றால்?

சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான பயன்பாட்டை சட்டத்தின் 52வது பிரிவு அனுமதிக்கிறது. உங்களுக்காக ஒரே ஒரு டிஸ்க் என்றால் அந்த வாதம் நிற்கும். அணி முழுவதற்கும் 20 டிஸ்க் என்றால் தடுமாறும். விலை போட்டு விற்றால் எடுபடாது.

'படத்தைக் கொஞ்சம் மாத்திட்டா போதும்' என்பதும் பரவலான நம்பிக்கை. எத்தனை சதவீதம் மாற்றினால் தப்பலாம் என்ற கணக்கு சட்டத்தில் எங்குமே இல்லை. போட்டோவைப் பார்த்து ஸ்டென்சில் வெட்டினாலும், முக்கியப் பகுதி அப்படியே இருந்தால் அது நகல்தான்.

இரண்டாவது அனுமதி

பத்திரிகை எடுத்த ரஜினி படம் என்றால்? போட்டோவுக்கு ஒரு அனுமதி, முகத்துக்கு இன்னொன்று. 'மெயின் ஹூன் ரஜினிகாந்த்' இந்திப் பட வழக்கில் 2015ல் சென்னை உயர் நீதிமன்றம், பிரபலமானவரின் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றி வணிகமாக்க முடியாது என்று ரஜினிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. படம் பெயர் மாறித்தான் வெளியானது.

மாட்டினால் என்ன ஆகும்?

தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கமில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் இது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிஸ்கில் ஊறிய சாயத்தை அழிக்கவும் முடியாது. அந்த டிஸ்குகளையே உரிமையாளர் கேட்டு வாங்க சட்டத்தில் இடமுண்டு.

ஃப்ரிஸ்பி என்ற பெயரே அமெரிக்காவின் வாம்-ஓ நிறுவனத்தின் டிரேட்மார்க்தான். விற்கும்போது 'டிஸ்க்' என்பது பாதுகாப்பு.

அப்போ எதைத்தான் போடுவது? பாரதியார் வரிகளுக்குத் தடையில்லை. அவற்றின் உரிமையை 1949லேயே சென்னை மாகாண அரசு வாங்கியது, பின்னர் அவை பொதுவாக்கப்பட்டன. சுரங்கத்தின் ராட்சத பக்கெட் வீல் இயந்திரத்தை நீங்களே வரைந்தால் அந்த ஓவியத்தின் உரிமை உங்களுக்கே. பக்கத்தில் என்எல்சி லோகோவைச் சேர்த்தால் மட்டும், மறுபடி அனுமதிக் கடிதம்தான்.