சிரிப்புக்குப் பின்னால் சாவைத் தேடுவோர்

வீராம்பட்டினத்தில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். கடல் தொழில் செய்பவர். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம் இருபது ஆண்டுகளாக நீடிக்கிறது. பெருநாளன்று எங்கள் வீட்டுப் பிரியாணி அவர் வீட்டுக்குப் போகும். படகு நிறைந்து கரையேறும் நாளில் வஞ்சிரமோ சங்கராவோ எங்கள் வீட்டுக்கு வரும்.

சென்ற மாதம் ஒரு நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். "பாய், ஒரு நடை வந்துட்டுப் போங்க. சின்னவன் மூணு நாளா சரியாத் தூங்கல. என்னையும் கடலுக்குப் போவாதன்னு அழுவுறான். நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

சிறுவனுக்கு ஒன்பது வயது. நான் போனபோது, நான்கு வயதுத் தங்கையின் கையைப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தான். தெருவில் இறங்க அவளை விடவில்லை. மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் காரணம் வெளிவந்தது. அண்டை வீட்டுப் பையனின் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்திருக்கிறான். ஷின்சான் உண்மையில் வாழ்ந்த சிறுவனாம். சாலையில் ஓடிய தங்கையைக் காப்பாற்றப் போய் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டானாம். துக்கம் தாளாத தாய் அவனுடைய குறும்புகளை நோட்டில் வரைந்து வைத்தாளாம். அதைக் கண்ட ஓர் ஓவியர் கதையாக்கினாராம். சோக இசையும் கனத்த குரலுமாகச் சொல்லி முடித்து, நம்பாதவர் தேடிப் பார்க்கலாம் என்று சவாலும் விட்டிருக்கிறார்கள்.

"மாமா, செத்துப்போன பையனப் பாத்தா நான் இத்தினி நாளு சிரிச்சேன்?" என்று அவன் கேட்டான்.

அந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கலாமா, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது வேறு விவாதம். குழந்தைகள் சிரித்து மகிழும் ஒன்றின் அடியில் சாவையும் பைத்தியத்தையும் தோண்டி எடுத்து, அதையே உண்மை என்று பரப்பும் வழக்கத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். ஷின்சானை உருவாக்கியவர் யோஷிதோ உசுயி என்ற ஜப்பானிய ஓவியர். 1990-இல் வார இதழ் ஒன்றில் சித்திரக்கதையாகத் தொடங்கியது. 1992-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதற்கு முன் அவர் வரைந்த வேறொரு கதையில் தோன்றிய ஒரு பாத்திரத்திலிருந்தே இந்தக் குறும்புக்காரன் பிறந்தான். இறந்துபோன சிறுவனும் இல்லை, தாயின் நோட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வதந்தியின் மையமாக உள்ள தங்கை ஹிமாவாரி கதையில் நுழைந்ததே 1996-இல்தான். தங்கையைக் காக்க உயிர்விட்டவனின் நினைவாக எழுந்த கதை என்றால், ஆறு ஆண்டுகள் அந்தத் தங்கை எங்கே போயிருந்தாள்?

இதை அந்தச் சிறுவனிடம் அப்படியே கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்ப, தங்கச்சியே அப்புறமாத்தானே வந்துச்சு" என்றான். அவன் முகத்தில் முதல் முறையாகத் தெளிவு தோன்றியது.

ஷின்சான் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. டோரேமான் கதையில் வரும் நோபிதா நினைவிழந்து படுக்கையில் கிடக்கும் நோயாளி என்றும், நீல நிறப் பூனையும் அதன் மாயப் பையும் அவன் கண்ட கனவென்றும் பல்லாண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் பேச்சுப் பரவியது. அமெரிக்காவின் சிம்ப்சன்ஸ் தொடரிலும் இதே கதைதான். 1993-இல் வந்த ஒரு பகுதியில் தந்தை ஹோமர் நினைவிழந்து மருத்துவமனையில் கிடப்பார். அவர் அதன்பின் எழவே இல்லை, பிறகு வந்ததெல்லாம் அவர் கனவு என்று இரசிகர்கள் ஒரு கோட்பாடு கட்டினர். நாடு மாறினாலும் மொழி மாறினாலும் ஊகத்தின் வடிவம் மாறுவதில்லை. நாயகன் இறந்துவிட்டான், அல்லது மயக்கத்தில் இருக்கிறான், அல்லது பித்துப் பிடித்தவன். இந்த மூன்றுக்கு வெளியே போகும் ஊகங்கள் குறைவு.

படைத்தவர்கள் இவற்றை எப்படி எதிர்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சிம்ப்சன்ஸ் தயாரிப்பாளர் அல் ஜீன், ஊகம் சுவையானதுதான், ஆனால் உண்மையன்று என்ற பொருளில் பதில் தந்துவிட்டு நகர்ந்தார். நம் நாட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2020-இல் ஊரடங்கில் அனைவரும் வீட்டில் முடங்கியிருந்த வேளையில், சோட்டா பீம் தன் தோழி சுட்கியை விட்டுவிட்டு இளவரசி இந்துமதியை மணந்துகொண்டான் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. சுட்கிக்கு நீதி வேண்டும் என்ற முழக்கம் சமூக ஊடகமெங்கும் பரவியது. பாதி கேலி, பாதி கோபம். கடைசியில் அத்தொடரைத் தயாரிக்கும் ஐதராபாத்தின் கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனமே அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. பீமும் சுட்கியும் இந்துமதியும் இன்னும் குழந்தைகள்தாம், திருமணச் செய்தி பொய், பிஞ்சு மனங்களில் காதலையும் கல்யாணத்தையும் திணிக்க வேண்டாம் என்று அந்த நிறுவனம் கேட்டுக்கொண்டது. பெரியவர்களின் விளையாட்டுக்கு நடுவில் குழந்தைகளை நினைவூட்டிய அந்தச் சொற்களை நான் மதிக்கிறேன்.

டோரேமானின் படைப்பாளி புஜிகோ எஃப் புஜியோவின் வழி வேறு. 1974 மார்ச்சில் டோரேமான் நோபிதாவைப் பிரிந்து செல்லும் கதையை அவர் வரைந்தார். அடுத்த மாதமே அந்தப் பூனை திரும்பி வந்துவிட்டது. 1996-இல் அவர் மறைந்தபோது அறுதியான முடிவு எதையும் எழுதி வைத்துச் செல்லவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் ஊகங்கள் நிரப்பின. ஆனால் எல்லா ஊகமும் இருண்டதன்று. ஆற்றல் தீர்ந்து அசைவற்றுப்போன டோரேமானைப் பழுதுபார்க்கவே நோபிதா படித்துப் பொறியாளனாகிறான் என்று ஓர் இரசிகர் 2005-இல் ஒரு முடிவை வரைந்து சிறு நூலாக விற்றார். பதிப்பகம் உரிமைப் பிரச்சினையை எழுப்பியது. அவர் 2007-இல் மன்னிப்புக் கேட்டு, வருவாயில் ஒரு பகுதியையும் கொடுத்தார். சட்டப்படி அவர் செய்தது தவறு. எனினும், சோம்பேறிச் சிறுவன் நட்புக்காக உழைத்து முன்னேறினான் என்று கற்பனை செய்தவருக்கும், அவன் கோமாவில் கிடக்கிறான் என்று கற்பனை செய்தவருக்கும் இடையே உள்ள தொலைவை நாம் காணத் தவறக்கூடாது.

என் சகோதரியின் மகன் கல்லூரியில் படிக்கிறான். இதையெல்லாம் அவனிடம் சொன்னபோது, "மாமா, இது விளையாட்டு. ஒரு கதையை ஆழமாப் படிக்கிறதுல என்ன தப்பு?" என்றான். நியாயமான கேள்வி. சிதறிக் கிடக்கும் குறிப்புகளைக் கோத்துப் பார்ப்பதில் அறிவுக்கு ஓர் இன்பம் உண்டு. நான் அதற்கு எதிரியல்லன்.

ஆனால் வீராம்பட்டினத்துக்காரர்களுக்கு ஊகம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஊரை ஒட்டி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, கிடைத்த இத்தாலிய மட்பாண்ட ஓடுகளைக் கொண்டு, கி.பி. முதல் நூற்றாண்டின் உரோமானிய வணிகத்தோடு அத்துறைமுகத்தை இணைத்து ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு மீண்டும் தோண்டியது. உரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தனர் என்றும், வணிகமும் வீலர் எண்ணியதைவிட நெடுங்காலம் நீடித்தது என்றும் தெரியவந்தது. பழைய கோட்பாடு திருத்தப்பட்டது. எந்த ஓடு, எந்த மண்ணடுக்கு என்று காட்டிப் பேசும் ஊகம் அது. தவறென்று காட்டினால் விலகி வழிவிடும். கைப்பேசியில் வரும் ஊகத்துக்கோ ஓடும் இல்லை, அடுக்கும் இல்லை. மறுத்தால், மறைக்கிறார்கள் என்பதையே புதிய சான்றாக்கிக்கொள்ளும்.

நம் மார்க்கம் இந்த இடத்தில் தெளிவான வழியைக் காட்டியிருக்கிறது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கட்டளை திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தில் உள்ளது. அதே அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் மிகையான ஊகத்திலிருந்து விலகி நிற்கச் சொல்கிறது. கேட்டதையெல்லாம் ஆராயாமல் எடுத்துரைப்பதே பொய்யனாவதற்குப் போதுமானது என்ற பொருளில் நபிமொழியும் உண்டு. கார்ட்டூனுக்கும் இது பொருந்துமா என்று சிலர் சிரிக்கலாம். செய்தி எதைப் பற்றியது என்று பார்த்தா நாவைக் காக்கச் சொல்லப்பட்டது? கற்பனைப் பாத்திரத்தைப் பற்றிய பொய்யானாலும், அதைக் கேட்டு இரவெல்லாம் விழித்திருந்த குழந்தை கற்பனையன்று.

வதந்தியின் விலையைக் கடற்கரை மக்கள் நன்கு அறிவார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் நான்காம் நாள், மீண்டும் அலை வருகிறது என்ற எச்சரிக்கை பரவியது. கரையோர மக்கள் பிணங்களையும் உடைமைகளையும் விட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. நண்பர் அந்த நாளை இன்றும் மறக்கவில்லை. "அன்னிக்கு ஓடுன ஓட்டத்துல எங்கம்மா விழுந்தது, கடைசி வரைக்கும் நேரா நடக்கல பாய்" என்றார். அன்று அவர் தாயை வீழ்த்தியதும், இன்று அவர் மகனின் உறக்கத்தைப் பறித்ததும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருண்ட ஊகங்களின் ஆழத்தில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மகிழ்ச்சி மேலோட்டமானது, துயரம்தான் உண்மையானது என்பதே அது. அதனால்தான் சிரிப்பைக் கண்டதும் அதன் அடியில் ஒரு பிணம் இருந்தாக வேண்டும் என்று மனம் தேடுகிறது. நான் அதை ஏற்கவில்லை. துன்பத்தைப் போலவே சிரிப்பும் இறைவன் தந்ததுதான். சிரிக்க வைப்பதும் அழ வைப்பதும் அவனே என்பது நம் நம்பிக்கை. ஐந்து வயதுப் பையன் அம்மாவிடம் குட்டு வாங்கி நெளிவதைப் பார்த்துச் சிரிக்க இரகசியக் காரணம் எதுவும் தேவையில்லை.

உண்மையில் ஒரு மரணம் நடந்தது. 2009 செப்டம்பரில் யோஷிதோ உசுயி அராபுனே மலைக்குத் தனியே ஏறச் சென்று, பாறையிலிருந்து விழுந்து இறந்தார். சில நாட்களுக்குப் பின்னரே உடல் கிடைத்தது. அவருடைய உதவியாளர்கள் அடுத்த ஆண்டு கதையைத் தொடர்ந்தனர். சிறுவன் இறந்தான், பெரியவர் வரைந்தார் என்கிறது வதந்தி. வரைந்த பெரியவர் இறந்தார், சிறுவன் இன்றும் குறும்பு செய்துகொண்டிருக்கிறான் என்பதே நடந்தது.

இதையும் அந்தச் சிறுவனிடம் மறைக்காமல் சொன்னேன். மரணமே இல்லை என்று குழந்தையிடம் பொய் சொல்வது தீர்வாகாது. கடலுக்குப் போகும் வீட்டில் அது எடுபடவும் செய்யாது. சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அப்ப அந்தத் தாத்தாவுக்கு நாம சிரிச்சா புடிக்கும், இல்ல மாமா?" என்று கேட்டான். பிடிக்கும் என்றேன்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது பெரிதன்று. இப்படியொரு காணொளியோடு பிள்ளை வந்தால், "போடா, அதெல்லாம் சும்மா" என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். இதை யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும், படைத்தவர் என்ன சொன்னார் என்று மூன்று கேள்விகளைச் சேர்ந்து கேளுங்கள். கார்ட்டூனில் கற்றுக்கொண்ட இந்தப் பழக்கம், நாளை ஒரு மனிதரைப் பற்றியோ ஒரு சமூகத்தைப் பற்றியோ வதந்தி வரும்போது அவனுக்குத் துணை நிற்கும். இளைஞர்களே, ஊகியுங்கள். ஆனால் ஊகம் என்று சொல்லி ஊகியுங்கள்.

மறுநாள் விடியுமுன் நண்பர் கடலுக்குப் போனார். போகும்போது மகன் விழித்துக்கொண்டு, "சீக்கிரம் வந்துடுப்பா" என்று மட்டும் சொன்னானாம்.