முழுமை பெற்ற ஆட்டக்காரன்

கல்லூரியொன்று தன் விழா மலரை வெளியிடும் வேளையில், தான் ஈட்டிய கிண்ணங்களையும் கேடயங்களையும் எண்ணி மகிழ்வது இயல்பே. ஆயின், அவற்றை ஈட்டித் தந்த இளைஞர் எத்தகைய ஆட்டக்காரராக உருவாகிச் சென்றனர் என்னும் வினாவை நாம் அத்துணை அடிக்கடி எழுப்புவதில்லை. மலையகப் பாடசாலைகளிற் கூடைப்பந்தாட்டம் பயிற்றப்படும் முறை குறித்துச் சில கருத்துக்களைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் முன்வைக்க விழைகின்றோம். தமிழாசிரியர்க்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். பிள்ளையை முழுமையாக வளர்த்தெடுக்கும் பணி எல்லாப் பாடத்துக்கும் பொதுவானது என்பதே எமது விடை.

இவ்வாட்டம் பிறந்த வரலாறே மலையகத்தார்க்கு ஒரு செய்தி கூறுகின்றது. 1891ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, கிறித்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், கடுங்குளிரால் வெளியே ஆட இயலாது முடங்கிக் கிடந்த பதினெட்டு மாணவர்க்காக இதனை வகுத்தார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்திலே அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பந்தை ஏந்தி ஓடலாகாது, கைமாற்றியே கொண்டு செல்லல் வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. வளைய உயரம் இன்றும் அதே பத்தடியே.

கொழுந்துக் கூடையைத் தாயின் முதுகிற் கண்டு வளர்ந்த எம் பிள்ளைகட்குக் கூடை என்னும் சொல் அந்நியமானதன்று. மேலும், சரிவும் பள்ளமுமான எமது நிலத்திற் சமதரை கிடைத்தற்கரியது. ரதல்லை போன்ற இடங்களில் உள்ள அகன்ற மைதானங்கள் தோட்டத்துரைமாரின் கழகங்கட்காக எழுந்தவை. கூடைப்பந்துக்கோ இருபத்தெட்டு மீற்றர் நீளமும் பதினைந்து மீற்றர் அகலமும் உடைய தளம் போதும். மலையை அதிகம் வெட்டாது அமைக்கத்தக்க ஆடுகளம் இதுவே.

ஆனால் இவ்வாட்டத்தை நாம் பயிற்றும் முறைதான் கவலை தருகின்றது. பயிற்சியின் முதல் நாளிலேயே மாணவரை உயரப்படி நிறுத்துகின்றோம். நெடியவர் இருவரை வளையத்தின் கீழும், குறியவனைப் பந்தைத் தட்டிச் செல்லவும், குறி தவறாதவனை எறியவும் நியமித்து விடுகின்றோம். பன்னிரண்டு வயதிற் கிடைத்த அவ்விடமே பள்ளி வாழ்வு முடியுமட்டும் அவனுக்கு விதியாகின்றது. விளைவு யாது? நெடியவன் பத்தடி தூரம் பந்தைத் தட்டிச் செல்ல அறியான். குறியவன் பலகையில் மோதி மீளும் பந்துக்குப் போட்டியிடத் துணியான். எறிபவன் எதிரியைத் தடுத்தாட ஒருப்படான். பன்னிரண்டு வயதில் வகுப்பிலே உயர்ந்து நின்றவன் பதினெட்டில் நடுத்தர உயரத்தவனாகவே நின்றுவிடுவதும் உண்டு. அன்று அவன் வசம் இருந்த ஒரே தகுதியும் கைநழுவிப் போகின்றது.

உயரத்தை அளவுகோலாகக் கொள்வதில் மற்றுமோர் அநீதியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டப் பகுதியிலோ 31.7 பேர். தாய் கருவுற்ற காலந்தொட்டே நேர்ந்த ஊட்டக்குறையின் விளைவு இது. அப்பிள்ளையை ஆடுகளத்திலும் உயரத்தால் ஒதுக்குவோமாயின், அவன் செய்யாத குற்றத்துக்கு இரண்டாம் முறை தண்டிக்கின்றோம்.

உயரம் பயனற்றது என்று நாம் கூறவில்லை. புன்னாலைக்கட்டுவன் தந்த தர்ஜினி சிவலிங்கம், இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட தம் உயரத்தாலும் பிழையாத குறியாலும் 2009, 2018 ஆகிய ஆண்டுகளில் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் பெற்றுத் தந்த அணிகளிற் பெரும் பங்கேற்றவர். ஆயின் அவர் ஆடுவது வலைப்பந்து. ஆங்கே எழுவருக்கும் எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. இருவரே வலைக்குள் எறியலாம். கூடைப்பந்திலோ ஐவரும் எங்கும் செல்லலாம், எவரும் எறியலாம். விதிநூல் இடாத வேலியை நாமே எம் பிள்ளைகட்கு இடுவானேன்?

உலக அரங்கிலிருந்து இரு சான்றுகள் காட்டுவோம். மக்ஸி போக்ஸ் என்பார் ஐந்தடி மூன்றங்குல உயரமே உடையவர். எனினும் 1987 முதல் 2001 வரை அமெரிக்காவின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரரிடையே ஆடினார். தாழ்ந்து தட்டிய பந்தும், எதிரியின் பந்தைப் பறிக்கும் விரைவும், தோழர்க்கு உரிய வேளையிற் பந்தளிக்கும் அறிவும் அவர் படைக்கலங்களாயின. மற்றவர் மஜிக் ஜோன்சன். ஆறடி ஒன்பது அங்குல உயரமுடைய அவர், நெடியோர் வழக்கத்துக்கு மாறாக, பந்தை நடத்திச் செல்லும் பணியைக் கற்றவர். 1980ஆம் ஆண்டு மே மாதம் இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், வளையத்தின் கீழ் நிற்கும் கரீம் அப்துல் ஜபார் காயத்தால் ஆட இயலாது போகவே, முதலாண்டு ஆட்டக்காரரான ஜோன்சன் அவ்விடத்தில் நின்று ஆட்டத்தைத் தொடங்கினார். 42 புள்ளிகள் பெற்றதோடு மீள்பந்துகள் பதினைந்தைக் கைப்பற்றி, தம் அணிக்கு வெற்றிக் கிண்ணமும் ஈட்டிக் கொடுத்தார். ஓரிடம் மட்டுமே கற்றிருந்தால் அன்று அவரால் யாது செய்திருக்கவியலும்?

முழுமை பெற்ற ஆட்டக்காரன் யார்? இரு கைகளாலும் பந்தைத் தட்டிச் செல்ல வல்லவன். ஓடி வந்து சட்டென நின்று, ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றி வழி காண்பவன். தன்னினும் நல்ல இடத்தில் நிற்கும் தோழனைக் கண்டதும் பந்தைக் கொடுப்பவன். முழங்கால் மடித்து எதிரியின் முன் நின்று தடுப்பவன். பந்து பலகையில் மோதுமுன்பே எதிரியை முதுகால் மறித்து இடம் பிடிப்பவன். களைத்த வேளையிலும் தன் கூடையைக் காக்கத் திரும்பி ஓடுபவன். கூடைக்குள் எறிதல் இவற்றுள் ஒன்று மட்டுமே. எழுத்தும் சொல்லும் பயிலாது செய்யுள் இயற்ற முனைவாரை நாம் வகுப்பறையில் அறிவோம். அடிப்படை பயிலாது தூரத்திலிருந்து எறிந்து கைதட்டல் தேடும் மாணவனும் அத்தகையவனே.

இதற்கு வழியும் அரிதன்று. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு 2.60 மீற்றர் உயர வளையமும் ஐந்தாம் இலக்கப் பந்தும் உலகெங்கும் வழக்கிலுள்ளன. பதினைந்து வயது வரை எவருக்கும் நிலையான இடம் வழங்காது, பயிற்சிதோறும் ஐவரையும் இடம் மாற்றி ஆடச் செய்தல் வேண்டும். இம்முறையால் ஈராண்டு கிண்ணம் கிட்டாது போகலாம் என்று சிலர் அஞ்சுவர். கிட்டாது போகட்டும். கிண்ணம் அலுமாரியில் நிற்கும். ஆட்டக்காரன் அறுபது ஆண்டு உலகில் நிற்பான். பரீட்சை கெடும் என்னும் பெற்றோர்க்கும் ஒன்று சொல்வோம்: நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒழுங்காக ஆடி, உரிய வேளையில் நூலெடுக்கப் பழகியவன் நேரத்தின் அருமையை அறிவான்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எம் முன்னோர்க்கு இடம் வகுத்தவர் பிறர். பெண்ணாயின் கொழுந்து, ஆணாயின் கவ்வாத்து என்று பெரட்டுக்களத்திற் பணி பிரிக்கப்பட்டது. பிள்ளைகளும் அவ்வழியே நடத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த இச்சமூகம், அவ்வினாவுக்குச் சட்டப்படி முடிவு காண 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. கல்வி அவ்வேலியைத் தாண்டச் செய்ததனாலன்றோ இன்று பழைய மாணவர் பலர் ஆசிரியராயும் மருத்துவராயும் வணிகராயும் விளங்குகின்றனர்? வகுப்பறையில் அகற்றிய வேலியை ஆடுகளத்தில் நாட்டலாகாது.

பழைய மாணவர்காள்! விழாக் காலத்திற் கேடயம் வழங்க முன்வருவோர் பலர். அதனினும் பயன்தருவன சில உள. மழைநீர் தேங்காது வடியும் சீமெந்துத் தளம் ஒன்று வேண்டும். மே முதல் செத்தெம்பர் வரை பெய்யும் எங்கள் மழையில் மண்தரை சேறாகி விடுகின்றது. தாழ்ந்த வளையங்கள் இரண்டும் சிறு பந்துகள் சிலவும் வேண்டும். பயிற்சி முடிந்து தொலைவிலுள்ள லயங்கட்கு நடந்து செல்லும் பிள்ளைகட்கு அவித்த கடலையும் ஒரு கோப்பைப் பாலும் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, ஆட்டமறிந்த உங்களிற் சிலர் சனிக்கிழமை தோறும் வந்து, சிறுவனொருவனுக்கு இடது கையாற் பந்து தட்டக் கற்பித்தல் வேண்டும். இக்கொடைகளைப் பெற்ற பிள்ளைகள் அடுத்த விழா மலர் வெளிவரும் நாளில் எவ்விடத்தில் நின்றும் ஆடவல்லோராய் விளங்குவர் என்பது எமது உறுதியான நம்பிக்கை.