காலாவதி தேதி மருந்துக்கு மட்டும்தானா?

உங்கள் வீட்டு அலமாரியில் தேதி முடிந்த சூரண டப்பா இருந்தால் என்ன செய்வீர்கள்? தூக்கிப் போட்டுவிடுவீர்கள். சரி... செல்போனுக்குள் கிடக்கும் பழைய சர்க்கரைக் கணக்கை?

போன மாம்பழ சீசனில் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். "ஒரு துண்டு மாம்பழம் சாப்பிட்டேன்னு போட்டா போதும் டாக்டர், சிவப்பு எழுத்துல மிரட்டுது!" என்று போனை நீட்டினார். பார்த்தால், கர்ப்பமாக இருந்தபோது பதிந்த சர்க்கரை அளவுகள்! பிரசவத்துக்குப் பிறகு சோதித்ததிலும் சரி, இப்போதும் சரி, சர்க்கரை இல்லை. குழந்தைக்கே மூன்று வயது. செயலி மட்டும் இன்னும் பிரசவ வார்டை விட்டு வெளியே வரவில்லை!

இப்படிப்பட்ட செயலிகள் பலவற்றில் இருப்பது 'கற்கும் இயந்திரம்'. நாம் தரும் எண்களைப் பார்த்து, 'இவருக்கு வழக்கம் இது' என்று பாடம் படித்துக்கொள்ளும். விலகினால் எச்சரிக்கும். நல்லதுதான். ஆனால் பழைய பாடத்தை யார் மறக்கச் சொல்வது?

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகனைக் கேட்டேன். வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களில் ஒன்று எலாஸ்டிக்சர்ச். அதில் 'காலாவதியானதை அழி' என்று நிரல் மூலம் கட்டளையிட வழி இருக்கிறதாம். ஆனால் முடிவுகளை இத்தனை நாள்தான் வைக்கலாம் என்று முன்கூட்டியே கெடு குறிக்காவிட்டால், அவை காலவரையின்றிக் கிடக்குமாம். ஆக, துடைப்பம் இருக்கிறது. எதைப் பெருக்குவது என்று மனிதன்தான் சொல்ல வேண்டும்!

எங்கள் சித்த மருத்துவத்தில் மருந்துக்கு மருந்து ஆயுள் வேறு. குடிநீர் எனும் கஷாயத்துக்கு 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். பற்பத்துக்கு 100 ஆண்டு என்பது நூல் கணக்கு. (கடையில் வாங்கியதற்கு அட்டையில் உள்ள தேதிதான்!)

உடம்பின் தகவலும் அப்படித்தான். அந்தப் பெண்ணின் பழைய தினசரி அளவுகள் கஷாயம். 'கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தது' என்ற ஒற்றை வரியோ பற்பம். பிற்காலத்தில் அவருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதித்தே ஆக வேண்டும். அந்த வரியை அழிக்கவே கூடாது.

நம் தருமபுரியையே பாருங்களேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி, காவிரித் தண்ணீர் வந்தது. அதற்கு முந்தைய ஆழ்துளைக் கிணற்று ஃபுளோரைடு அளவை வைத்து இன்றைய குழாய்த் தண்ணீரை எடை போடுவது தப்பு. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, பல்லில் கறையோடும் மூட்டில் வலியோடும் வருகிறவரின் வரலாற்றை அழிப்பது அதைவிடத் தப்பு!

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை முடிந்த தகவலை நிறுவனங்கள் அழிக்க வேண்டும் என்கிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். என் கருத்து: அழித்தால் மட்டும் போதாது. எந்தத் தகவலுக்கு எத்தனை நாள் ஆயுள் என்று, மருந்து அட்டையைப் போலச் செயலியிலும் அச்சடிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது? போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது செயலியையும் திறந்து பாருங்கள். ஒவ்வாமை, ஆபரேஷன், கர்ப்ப கால நோய் இவற்றை முதலில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு பழைய பதிவுகளை அழிக்கச் சொல்லுங்கள். போனிலிருந்து செயலியை நீக்கினால் மட்டும் நிறுவனத்திடம் உள்ளது போய்விடாது. கணக்கையும் தகவலையும் நீக்கும்படி கேட்க வேண்டும்.

நோட்டு மட்டும் பத்திரம்!