கல்லில் பிறந்த குறும்புக்காரன்

சகோதரிகளே, லீவு விட்டாச்சு. "அம்மா, கதை!" என்று பிள்ளைகள் முந்தானையைப் பிடித்து இழுக்கும் காலம். தெனாலிராமனையும் பீர்பாலையும் சொல்லித் தீர்த்துவிட்டவர்களுக்காக, இம்முறை சீன தேசத்துக் கதை ஒன்று. 1592-இல் அங்கே அச்சான 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் 100 அத்தியாயப் பெருங்கதையின் தொடக்கம் இது.

கடலுக்கு நடுவே பூவும் கனியும் குலுங்கும் ஒரு மலை. அதன் உச்சியில் 36 அடிக்கும் மேல் உயரமான ஒரு பாறை. வெயிலும் நிலவும் பட்டுப் பட்டு, அந்தப் பாறை சூல் கொண்டதாம்! ஒரு நாள் அது வெடித்து, கல் முட்டை ஒன்று வெளியே வந்தது. காற்றுப் பட்டதும் முட்டை ஒரு குரங்காகிவிட்டது. அம்மா இல்லை, அப்பா இல்லை, பெயர்கூட இல்லை.

அருவிக்குப் பின்னால் புகுந்து பார்த்துவிட்டு அடிபடாமல் திரும்புகிறவனே நமக்கு ராஜா என்று குரங்குகள் பேசிக்கொண்டன. நம்ம ஆள் கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். உள்ளே பார்த்தால் கல் அடுப்பு, கல் சட்டி, கல் கட்டில்! குடித்தனம் நடத்தத் தயாராக ஒரு வீடு. அன்றே ராஜாவானான்.

முந்நூறு வருஷம் கொண்டாட்டம்தான். ஒரு நாள் விருந்துக்கு நடுவில் ராஜா பொலபொலவென்று கண்ணீர் விட்டான். "என்றாவது நானும் சாகத்தானே வேண்டும்?" என்றான்.

எங்கள் மாமியார் காலமான வருஷம் என் சின்னவன் கேட்டான், "நீயும் செத்துப் போவியாம்மா?" என்று. "சீ, வாயை மூடு" என்று சொல்ல மனசு வரவில்லை. அன்று ராத்திரி இந்தக் கதையைத்தான் சொன்னேன். "ராஜாவே அழுதானா?" என்றவன், என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத் தூங்கிப்போனான். அதுவரை அவன் பாட்டிக்காக அழவே இல்லை.

ராஜா அழுதுகொண்டே உட்காரவில்லை. தெப்பம் கட்டிக் கடல் தாண்டி, பல வருஷம் அலைந்து சுபூதி என்ற குருவைக் கண்டுபிடித்தான். "உன் பெற்றோர் யார்?" "யாருமில்லை சுவாமி, கல்லில் பிறந்தேன்." அந்தக் குருதான் அவனுக்கு சுன் வூகொங் என்று பெயர் வைத்தார். 72 வகை உருமாற்றமும், மேகத்தில் தாவிப் பறக்கவும் கற்றுக்கொடுத்தார்.

ஒரு நாள் கூடப் படித்தவர்கள் உசுப்பிவிட, பைன் மரமாக மாறிக் காட்டினான். "வித்தை வேடிக்கை காட்டவா?" என்று குரு அன்றே அனுப்பிவிட்டார். அந்தத் துடுக்கு அடங்கவில்லை. தேவலோகத்தையே கலக்கி, கடைசியில் புத்தரிடம் தோற்று, 500 வருஷம் மலையடியில் கிடந்தான். அவனை மீட்டு, இந்தியாவுக்குத் துணையாக அழைத்து வந்த துறவியின் பாத்திரம் யுவான் சுவாங்கை வைத்து உருவானது. ஆமாம், 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்தாரே, அவரேதான்!

"அனுமார் மாதிரி இருக்கே" என்பீர்கள். சீன அறிஞர் ஹூ ஷீயும் 1923-இல் அப்படித்தான் எழுதினார். "இல்லை, எங்கள் ஊர் நீர்ப்பூதக் கதையிலிருந்து வந்தவன்" என்றார் எழுத்தாளர் லூ சுன்.

சின்னஞ்சிறுசுகளுக்கு அருவியோடு கதையை நிறுத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு, ராஜா அழுத இடத்தை அவசரப்படாமல் சொல்லுங்கள். என்ன கேட்டாலும் அதட்டாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை என்ன கேட்டது என்று எனக்கும் எழுதுங்களேன்.