ஜாவாவும் எக்ஸ்எம்எல்லும் பழசுதான்... ஆனால் இன்னும் சோறு போடும்!

காலேஜ் கடைசி வருஷப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது ஓடும் விவாதம் இதுதான். 'ஏ.ஐ. வந்துவிட்டது. இனி கோடிங் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா, வேண்டாமா?' அதிலும் ஜாவா என்றால், 'அது அந்தக் காலத்துச் சமாச்சாரமாச்சே' என்ற பேச்சு வரும். எக்ஸ்எம்எல் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால், டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 20 ரூபாய் அனுப்பும்போது, யுபிஐ அமைப்புக்கும் வங்கிகளுக்கும் நடுவே பறக்கும் செய்தி எக்ஸ்எம்எல் வடிவத்தில்தான் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் ஆர்டிஜிஎஸ் 2013-ல் மாறிய ஐஎஸ்ஓ 20022 முறையும் எக்ஸ்எம்எல்லில் எழுதப்படுவதே. ஆதாரின் ஆஃப்லைன் இ-கேஒய்சி கோப்பும் அப்படித்தான். அந்தக் கோப்பில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும், சரிபார்க்கும்போது குட்டு உடைந்துவிடும்.

எது, என்ன?

1991-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் வீட்டு மின்னணுக் கருவிகளுக்காகத் தொடங்கிய முயற்சியில் பிறந்தது ஜாவா. முதலில் வைத்த பெயர் 'ஓக்'. 1995-ல் ஜாவாவாக வெளியுலகுக்கு வந்தது. ஒருமுறை எழுதினால் போதும். ஜாவா மெஷின் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். வங்கிகளும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் இதை விரும்பிப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாக வந்தது. இது புரோகிராம் எழுதும் மொழி அல்ல. தகவலுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் முறை. சமையலறை டப்பாக்களில் 'துவரை', 'உளுந்து' என்று எழுதி ஒட்டுகிறோமே, அது மாதிரி. <தொகை>20</தொகை> என்று தமிழிலேயே எழுதினாலும் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். ஆனால், திறந்த சீட்டை மூட மறந்தால் போச்சு! மொத்தக் கோப்பையும் 'செல்லாது' என்று திருப்பிவிடும். பண விஷயத்தில் அந்தக் கண்டிப்பு நல்லதுதானே?

வேலையில் சறுக்கும் இடங்கள்

பாடத்தில் எளிதாகத் தெரியும் இந்த ஜோடி, வேலையில் மூன்று இடங்களில் காலை வாரும்.

முதலாவது, பைசா கணக்கு. ஜாவாவில் 'டபுள்' வகையில் 0.1-யும் 0.2-யும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். ஒரு முறை என்றால் தெரியாது. லட்சக்கணக்கான வரவு செலவில் இது சேர்ந்தால் கணக்கு உதைக்கும். அதனால்தான் பணத்துக்கு 'பிக்டெசிமல்' பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, பெரிய கோப்பு. 'டாம்' முறை முழுக் கோப்பையும் மெமரியில் விரித்து வைத்துக்கொள்ளும். 'சாக்ஸ்' முறை, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பார்த்துக்கொண்டே போவது போல. சின்னக் கோப்புக்கு முதலாவது வசதி. ஒரு நாள் முழுக்க நடந்த வரவு செலவு ஒரே கோப்பாக வந்தால், இரண்டாவதுதான் சர்வரைக் காப்பாற்றும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. 'இந்த இடத்தில் வெளியிலிருக்கும் இன்னொரு கோப்பைச் சேர்த்துக்கொள்' என்று எக்ஸ்எம்எல்லில் கட்டளை எழுத முடியும். வெளியாள் அனுப்பிய கோப்பில் அப்படி ஒரு வரி இருந்து, புரோகிராமும் அதை நம்பிவிட்டால், சர்வருக்குள் இருக்கும் ரகசியக் கோப்பு வெளியே போய்விடும். 'எக்ஸ்எக்ஸ்இ' எனப்படும் இந்தத் தாக்குதலை, 2017-ல் ஓவாஸ்ப் அமைப்பு முக்கியமான பத்துப் பாதுகாப்புக் குறைகளில் நான்காவதாகச் சேர்த்தது. தடுக்கச் சில வரிகள் போதும். அந்த வரிகள் வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏ.ஐ. எழுதித் தரும் கோடிலும் அந்தக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமே!

தமிழுக்கும் ஒரு கோப்பு

ஆண்ட்ராய்டு ஆப் உருவாக்க 2019 முதல் 'கோட்லின்' மொழிக்குத்தான் முதலிடம் என்று கூகுள் அறிவித்துவிட்டது. உண்மைதான். ஆனாலும், திரையில் தெரியும் சொற்கள் பெரும்பாலும் 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பில்தான் இருக்கின்றன. அதைத் தமிழில் மொழிபெயர்த்து, தமிழுக்கான ஃபோல்டரில் வைத்தால் போதும். போனின் மொழி தமிழாக இருந்தால், பட்டன்கள் தானாகத் தமிழ் பேசும். கோடிங் தெரியாத தாத்தா பாட்டிக்கும் பயன்படும் வேலை இது.

பணம் கட்டுவதற்கு முன்...

ஓப்பன் ஜேடிகே, எக்லிப்ஸ் இரண்டும் இலவசம். பழைய லேப்டாப் இருந்தாலே ஆரம்பித்துவிடலாம். முதலில் ஜாவாவின் அடிப்படை, பிறகு எஸ்க்யூஎல், அடுத்து எக்ஸ்எம்எல்லையும் அதன் தம்பி மாதிரியான ஜேசனையும் படிக்கப் பழகுவது, கடைசியாக 'ஸ்பிரிங் பூட்' என்ற வரிசை நல்லது. புதிய இணைய சேவைகளில் ஜேசன்தான் அதிகம் என்பதால் அதை விட்டுவிடக் கூடாது.

பயிற்சிக்கு வீட்டு மளிகைச் செலவையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாதக் கணக்கை எக்ஸ்எம்எல்லில் எழுதி, பைசா பிசகாமல் கூட்டிச் சொல்லும் ஜாவா புரோகிராம் ஒன்றைச் சொந்தமாக எழுதிப் பாருங்கள். அது சரியாக ஓடிவிட்டால், கோர்ஸ் வேண்டுமா என்பதை அதன்பிறகு முடிவு செய்யலாம். இன்ஸ்டிட்யூட்டில் சேர்வதென்றால், 'எக்ஸ்எக்ஸ்இ-யைத் தடுப்பது பற்றி உங்கள் பாடத்தில் இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். வரும் பதிலை வைத்தே அந்த இடத்தை எடைபோட்டுவிடலாம்!