கால் கேட்பது காலம்!



மூட்டை சுமக்கும் தோழர் ஒருவரை அண்மையில் பார்த்தேன். லாரியிலிருந்து சரக்கோடு இறங்கும்போது பலகை வழுக்கியது. பாதம் மண்ணிலே பதிந்து நிற்க, உடல் மட்டும் திரும்பியது. 'படக்'கென்று ஓர் ஓசை. மாலைக்குள் முட்டி பூசணிக்காயாயிற்று. உடனே தெருவெல்லாம் மருத்துவர்கள்! "ஜவ்வு அறுந்தது, கத்தி வைத்தால்தான் கால்" என்றார் ஒருவர். "எண்ணெய் போட்டு நாலு உருவு உருவினால் நாளைக்கே ஓடுவான்" என்றார் இன்னொருவர். முன்னவர் மூட்டியது அச்சம். பின்னவர் காட்டியது ஆசை. அறிவு என்ன சொல்கிறது என்று கேட்பார் மட்டும் இல்லை.

முட்டியை இழுத்துப் பிடித்து நிற்பவை நான்கு ஜவ்வுகள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. உள்ளே பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு இரண்டு. உட்பக்கத்து ஜவ்வு கிழிந்தால், பெரும்பாலும் கத்தியின்றியே கூடிவிடும். உள்ளே குறுக்கே ஓடும் முன் ஜவ்வு அறுந்தால்தான் வழக்கு! அது அவ்வளவு எளிதில் ஒட்டாது.

அப்படியானால் கத்திதானா? இதே கேள்வியைச் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் கேட்டார்கள். முன் ஜவ்வு புதிதாக அறுந்த 121 பேரை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு அணியாகப் பிரித்தார்கள். 62 பேருக்கு உடனே அறுவை, பிறகு பயிற்சி. 59 பேருக்குப் பயிற்சி மட்டும். முட்டி அடங்காவிட்டால் பிறகு அறுவை. 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாண்டுக்குப் பின்னும் அந்த 59 பேரில் 36 பேருக்குக் கத்தி தேவைப்படவில்லை! வலியிலும் நடமாட்டத்திலும் இரு அணிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் ஏறத்தாழப் பாதிப்பேர் கத்தியின்றியே நடந்தார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டேன். அடிபட்டு நாளாகியும் முட்டி நழுவிக்கொண்டே இருப்போருக்கு அறுவையே மேல் என்று பிரிட்டனில் 316 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் சொன்னது. ஆகவே கத்தி பகையல்ல; எல்லோருக்கும் அதுவே முதல் வழியும் அல்ல.

பிசியோதெரபி தெரிந்தவரின் கை என்ன செய்யும்? அறுந்ததை ஒட்டவைக்காது. அப்படி ஒட்டவைப்பதாகச் சொல்கிறவனிடம் காசு கொடுக்காதீர்கள்! அந்தக் கை முட்டிச் சில்லை மெல்ல அசைத்து, மூட்டு இறுகாமல் காக்கும். மடங்காததை மடக்கி, நீளாததை நீட்டப் பழக்கும். கால் முழுதும் நீளாவிட்டால் நொண்டல் போகாது. மிச்சமெல்லாம் நம் உழைப்பு. முட்டி வீங்கினால் தொடைத்தசை தூங்கிவிடுகிறது. சில வாரங்களிலேயே மெலிந்தும் போகிறது. அதை எழுப்பத்தான் பயிற்சி. சுருட்டிய துண்டை முட்டிக்கடியில் வைத்து நசுக்குவது, காலை நீட்டியபடி தூக்கி இறக்குவது, குதிகாலை இழுத்து இழுத்து மடக்குவது. ஊன்றுகோலை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த கால் முதலில். வீக்கம் கொதிக்கும் நாட்களில் சூட்டு ஒத்தடமும் வேண்டாம், அழுத்தி உருவுவதும் வேண்டாம். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும், முட்டி பூட்டிக்கொண்டாலும், பாதம் மரத்துப்போனாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

செலவு? ஒரு துண்டு! ஆனால் அதோடு வேண்டியது வாரங்கள், மாதங்கள். அதை யார் கொடுப்பது?

மேலாளர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். "எலும்பு முறியவில்லையே, வா வேலைக்கு!" என்கிறார். ஐயா மேலாளரே! எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. படத்தில் தெரியாத வலியெல்லாம் பாசாங்கா? ஈ.எஸ்.ஐ.யில் பதிந்த தோழருக்கு, வேலையில் அடிபட்டு உழைக்க முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு உரிமை உண்டு. இரக்கத்தில் போடும் பிச்சை அல்ல அது, கேட்டு வாங்குங்கள். சங்கத் தோழர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இரண்டு வரி சேர்க்கட்டும்: பிசியோதெரபிக்குப் போகும் நேரமும் வேலை நேரமே, தேறும்வரை உட்கார்ந்து செய்யும் வேலை.

பதிவே இல்லாத மூட்டைத் தோழருக்கு? ஆறாம் நாளே வயிறு அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. மூட்டையோடு முட்டி மறுபடி நழுவியது. அப்படி நழுவும்போதெல்லாம் உள்ளிருக்கும் குருத்தெலும்பும் கிழியக்கூடும் என்று அரசு மருத்துவமனை மருத்துவர் எச்சரித்து அனுப்பினார்.

இப்போது திண்ணையில் அமர்ந்து, துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கிப் பத்து எண்ணுகிறார். விடுகிறார். மறுபடி எண்ணுகிறார். தோழர்கள் துண்டேந்தித் திரட்டிய பணத்தில் இந்த வாரம் அடுப்பு எரிகிறது. அடுத்த வாரம்?